பேருந்தில் ஓர் அமைச்சர்

"நான்தான் மந்திரின்னு நெனச்சுக்க. இப்பக் கேளு."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சென்ற பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்தவர் தம் மனைவியிடம் இப்படிச் சொன்னதும் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் பெண் குன்னம் பக்கத்து ஊராட்சி ஒன்றுக்குப் புதிதாகத் தேர்வான தலைவர் என்பதும், அன்று அரியலூருக்கு வரும் அமைச்சரிடம் கேள்வி கேட்கப் போகிறார் என்பதும் பேச்சிலிருந்தே தெரிந்தன. மடித்த மனு ஒன்றை அவர் கையில் வைத்திருந்தார்.

"ஐயா, எங்க ஊரு ஆஸ்பத்திரிக்குக் கூரை போட்டாச்சுன்னு உங்க துறையில எழுதி வச்சிருக்கு. அங்க கூரையே இல்லீங்க. புள்ளத்தாச்சிங்க மழையில நனையுதுங்க."

"அம்மா, அதுக்குத்தான் அப்பவே நிதி ஒதுக்கிட்டோமே."

"நிதியவா ஒதுக்குனீங்க? எங்களத்தாங்க ஒதுக்கிட்டீங்க."

கணவர் சிரித்துவிட்டார். "மந்திரியே சிரிச்சுட்டாரு பாரு. இதையே அங்கயும் கேளு புள்ள."

"உங்க மூஞ்சியப் பாத்தா வருது. அங்க நாக்கு ஒட்டிக்குமே."

"அவருக்குப் பின்னாடி வந்து நிக்கிறேன். என்னயப் பாத்தே கேளு."

"போலீசு வுடுமா?"

"வுடலைன்னா சன்னலுக்கு வெளிய நிக்கிறேன்."

பேருந்து அரியலூர் நிலையத்துக்குள் திரும்பியது. மனுவின் சுருக்கத்தை நீவிக்கொண்டே அவர் மெதுவாகக் கேட்டார்.

"பதில் சொல்லாம மழுப்புனா என்னங்க பண்றது?"

"திரும்பக் கேளு. நம்மூரு பஸ்சு ஆறு மணிக்குத்தான்."