போர்விக் சாலையில் சேற்றில் இறக்கப்பட்ட வேன்

பெயர்: வில்லியமினா மக்கே. வயது: 59. கணவர் பெயர்: இவாண்டர் மக்கே. தொழில்: தபால் வேன் ஓட்டுநர், பணி ஓய்வு. விலாசம்: கடைசி வீடு, போர்விக் கிராமம், ஸ்காட்லாந்து வட கடற்கரை. விசாரணை நடந்த இடம்: மேற்படி வீட்டின் சமையலறை. கணவரைத் தனியே விட்டுவிட்டு காவல் நிலையத்துக்கு வர இயலாத காரணத்தால் இங்கு வைத்துப் பதிவு செய்யப்பட்டது.

நான் மேற்கண்ட விலாசத்தில் முப்பத்து நான்கு வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். என் கணவர் ஆடு வளர்ப்பதுடன் சிறு படகில் போய் நண்டுக்கூடு போடும் தொழிலும் செய்து வந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் இருபத்திரண்டு வருடம் போர்விக் சாலையில் தபால் வேன் ஓட்டியிருக்கிறேன். மேற்படி சாலை ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம் கொண்டது. எதிரில் வண்டி வந்தால் அங்கங்கே விட்டிருக்கும் ஒதுங்கிடத்தில் யாராவது ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு பிப்ரவரி மாதம் ஊர் மன்றத்தில் கூட்டம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் அப்போது நான்கு குழந்தைகள்தான் இருந்தார்கள். கடையை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு ஆட்கள் வந்தால்தான் பிழைக்கும் என்று பேசி, கடற்கரையோரமாகக் காரில் சுற்றிப் பார்க்க ஒரு பயணத் திட்டம் அச்சடித்து விநியோகிப்பது என்று முடிவானது. மன்றத் தலைவி ஹியூஜினா மன்ரோ என்னைப் பார்த்து, "மினா, உனக்குத்தானே ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. நீ எழுதிக் குடு, அச்சடிக்கிறது என் பாடு" என்று சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு எட்டு வாரம் இதே மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நான்கு நாள் பயணம். முதல் நாள் எங்கே தங்குவது, எந்த மணற்கரையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றும், கடல்நாய்கள் எந்தப் பாறையில் படுத்திருக்கும், எந்த மேட்டில் நிறுத்தினால் தீவுகள் ஐந்தும் தெரியும் என்று எல்லாம் எழுதினேன். என் கணவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுக் கேலி செய்வார். ஒரு நாள், "ரோடு ஒரு வண்டி அகலம், நீ ஊர் உலகத்தையே வரச்சொல்றே. வரட்டும், வந்து மூக்கும் மூக்கும் முட்டிக்கிட்டு நிக்கட்டும். நான் நடுவுல பூந்து நண்டு வித்துக்கறேன்" என்று சொன்னார். நான் சிரித்தேன்.

மேற்படி திட்டம் அச்சாகி விநியோகமானது. முதல் கோடையில் சில வண்டிகள் வந்தன. இந்த வருடம் எண்ண முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது ஒன்பது குழந்தைகள் இருக்கிறார்கள். அதுவும் உண்மை என்பதால் அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்பவம் நடந்தது ஜூலை பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை சுமார் ஒன்பது நாற்பதுக்கு என் கணவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கரண்டி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்தார். "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு ஏதோ சொன்னார். சொல் எதுவும் சொல்லாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் உடனே அவசர உதவிக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வேறு ஒரு விபத்துக்குப் போயிருப்பதாகவும், அறுபது மைலுக்கு அப்பாலிருந்து இன்னொன்று கிளம்புவதாகவும், கடல் மூடுபனியால் ஹெலிகாப்டர் இறங்க முடியாது என்றும் சொன்னார்கள். நோயாளியை நகர்த்த வேண்டாம், வீட்டிலேயே காத்திருங்கள் என்றும் சொன்னார்கள். இந்த அறிவுரை எனக்குச் சொல்லப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால், ஹியூஜினாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவரைத் தூக்கி எங்கள் சரக்கு வண்டியின் முன் இருக்கையில் வைத்துக் கட்டினோம். போர்விக் சாலை பெரிய சாலையில் சேரும் முச்சந்தியில் ஆம்புலன்ஸை எதிர்கொள்வதாகப் போனில் சொல்லிவிட்டுப் பத்து ஐந்துக்குக் கிளம்பினேன்.

முச்சந்தி வரை தபால் வேனில் எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அன்று முதல் இரண்டு மைலுக்குள் ஏழு வண்டிகள் எதிரில் வந்தன. இரண்டு முறை நான்தான் பின்னால் எடுத்து வழிவிட்டேன். அப்படி வழிவிட்டபோது எல்லோரும் கையசைத்துவிட்டுப் போனார்கள். என் கணவர் இடது கையால் கடல் பக்கம் காட்டிக்கொண்டே வந்தார். படகைச் சொல்கிறாரா, கூடுகளைச் சொல்கிறாரா என்று கேட்டேன். தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை.

அதன் பிறகு கறுப்புப் பாறை வளைவு தாண்டி ஏற்றத்தில், படுக்கை அடுப்பு எல்லாம் உள்ள ஒரு பெரிய வாடகை வேன் எதிரில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இருபது அடியில் ஒதுங்கிடம் இருந்தது. ஆனால் அதில் இரண்டு கார்களை நிறுத்திவிட்டு ஆட்கள் மணலுக்கு இறங்கிப் போயிருந்தார்கள். அடுத்த ஒதுங்கிடம் மேலே இருநூறு அடி தள்ளி. நான் பின்னால் எடுக்கலாம் என்று கண்ணாடியில் பார்த்தபோது, என் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு வேனும் ஒட்டி வந்து நின்றுவிட்டன. ஆகவே நான் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றேன். அப்போது மணி பத்து ஐம்பது.

நான் இறங்கிப் போய் வேன் ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெயர் கிளைவ் ஆர்மிடேஜ், வயது 67 என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, "எனக்கு இதைப் பின்னால எடுக்க வராதும்மா. நேத்துதான் வாடகைக்கு எடுத்தோம். நேரா மட்டும்தான் ஓட்டிக்கிட்டு வர்றேன். ஒரு பக்கம் பள்ளம், கீழே கடல். என்னால முடியாது" என்றார். நான் திரும்பவும், "என் வீட்டுக்காரர் வண்டியில இருக்கார், வாய் கோணிப்போச்சு, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் வருது" என்றேன். அவர் மனைவி மரியன் பக்கத்து இருக்கையில் மடியில் காகிதத்தை விரித்து வைத்திருந்தார். எங்கள் வண்டிக்குள் யார் இருக்கிறார் என்பது அவருக்கு அப்போது சரியாகக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். அவர், "எதுக்கு இவ்ளோ பரபரப்பு? 'இந்தச் சாலையில் யாருக்கும் அவசரமில்லை, நின்று நிதானமாகப் போங்கள்'னு இதிலேயே போட்டிருக்கே" என்று வாசித்துக் காட்டினார். அந்த வரியை எழுதியது நான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டு பேரையும் கீழே இறங்கச் சொன்னேன். நான் ஓட்டுகிறேன் என்று சொன்னதற்கு ஆர்மிடேஜ் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இறங்கி நின்றார். மரியன் எங்கள் வண்டியை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் "ஐயோ" என்று கதவைத் திறந்து உள்ளே ஏறி என் கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் மேற்படி வேனில் ஏறி, நிறுத்தியிருந்த கார்களைத் தாண்டி இருநூறு அடியும் பின்னால் எடுத்தேன். எங்கும் இடிக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தால் அந்த ஒதுங்கிடத்திலும் ஒரு கார் நின்றது. அதில் ஆள் இல்லை. மூடுபனியில் கீழேயிருந்து தெரியவில்லை. அதற்கும் மேலே அடுத்த இடம் அரை மைல்.

வேன் மழையில் இளகிய ஓரத்தில் வழுக்கி இறங்கியதா என்று அதிகாரி கேட்டார். அப்படி எழுதினால் எனக்கு நல்லது என்று ஹியூஜினாவும் சொன்னார். அது உண்மையல்ல. கடல் பக்கம் பள்ளம் என்பதால் மலைப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி, கரிய சேற்று நிலத்தில் நான் தெரிந்தேதான் இறக்கினேன். பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. அடுப்பு கழன்று விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு சாலை ஒரு வண்டி போகும் அளவுக்குத் திறந்தது. நான் கதவு வழியாக இறங்கி ஓடினேன். ஆர்மிடேஜ் சாலை நடுவே நின்று அழுதுகொண்டிருந்தார். "போங்கம்மா, போங்க, என்னைப் பாக்காதீங்க" என்றார்.

மரியன் இறங்க மறுத்து எங்களுடன் வந்தார். வழியில் இன்னும் பல முறை நிற்க வேண்டியிருந்தது. பதினொன்று ஐம்பதுக்கு முச்சந்தியை அடைந்தோம். ஆம்புலன்ஸ் அங்கே இல்லை. அவர்களும் அந்தப் பக்கத்தில் இதேபோல் மாட்டியிருந்ததால் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் மூவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எட்டு வண்டிகள் எங்களைக் கடந்து போர்விக் பக்கம் போயின. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டதாக டாக்டர் சொன்னார். எத்தனை நிமிடம் தாண்டிவிட்டது என்று கேட்டேன். அவர், "அதைக் கேக்காதீங்கம்மா" என்றார்.

என் கணவர் மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வரவில்லை. நான் பேசினால் புரிகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். படகை விற்கவில்லை.

பயணத் திட்டத்தை இனி அச்சடிக்க வேண்டாம் என்று மன்றத்தில் கேட்டேன். ஹியூஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நிறுத்தினாலும் வர்றவங்க நிக்க மாட்டாங்க மினா. எல்லார் போன்லயும் ஏறிடுச்சு" என்றார். அது சரிதான். ஆர்மிடேஜ் தம்பதியர் என் மீது புகார் எதுவும் தரவில்லை என்றும், வேனை வாடகைக்கு விட்ட நிறுவனம்தான் தந்திருக்கிறது என்றும் அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர்கள் இருவரையும் இதன் பொருட்டு அலைக்கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். முந்தாநாள் காலை, கணவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஒரு இளம் ஜோடி கதவைத் தட்டினார்கள். ஐந்து தீவும் தெரியும் மேடு எங்கே என்று கேட்டார்கள். சவரக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். பனி விலகப் பதினொரு மணி ஆகும், அதுவரை காத்திருந்து போங்கள், மேட்டில் இடது பக்கம் நிறுத்த இடம் இருக்கிறது என்று விவரமாகச் சொல்லி அனுப்பினேன்.

நான் சொன்னவை இவ்வளவே. எனக்குத் தெரிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். எழுதியதைக் காவலர் ஈலித் சதர்லாந்து படித்துக் காட்டக் கேட்டேன். என் கணவரும் பக்கத்திலிருந்து கேட்டார். திருத்தம் ஏதும் இல்லை.

(ஒப்பம்)
வில்லியமினா மக்கே