கண் விழித்த குரு கேட்ட அண்ணி

என் பெயர் பொன்னி, வயது 28, கணவர் பெயர் சரத்குமார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாமியார், இரண்டு கொழுந்தனார்கள், ஒரு நாத்தனார் ஆகியோருடன் ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். எங்களுக்கு மூன்று வயதில் குரு என்று ஒரே மகன். இன்று கண் ஆஸ்பத்திரியில் நடந்ததை உதவி ஆய்வாளர் சுகாசினி அவர்கள் கேட்டதன் பேரில் சொல்கிறேன்.

குருவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இன்று காலை வலது கண்ணில் ஆபரேஷன். சின்னப் பிள்ளை என்பதால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். மயக்க டாக்டர் ஸௌம்யா முன்னதாக என்னைக் கூப்பிட்டு, இந்த வயதுப் பிள்ளைகள் மயக்கம் தெளியும்போது சில சமயம் ஆள் தெரியாமல் கத்தி உதைக்கும் என்றும், கண்ணில் போட்ட கட்டைப் பிய்த்துத் தேய்த்துவிட்டால் செய்ததெல்லாம் வீணாகிவிடும் என்றும், அதைத் தடுக்கத்தான் தாயை உள்ளே விடுகிறோம் என்றும் சொன்னார். "கையப் புடிச்சுக்கிட்டு, 'அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்'னு மெதுவா சொல்லிக்கிட்டே இருங்க. தெரிஞ்ச குரல் கேட்டா அடங்கிடுவான்" என்றார். டாக்டர் சொன்னால் நான் ஓர் எழுத்துகூட மாற்றாமல் செய்கிறவள்.

அதன் பிறகு ஆபரேஷன் முடிந்து என்னை உள்ளே விட்டார்கள். குரு அசைந்ததும் நான் குனிந்து, "அம்மா இருக்கேன்டா" என்றேன். இடது கண்ணிலும் புரை இருப்பதால் அவனுக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும், குரலைத்தான் நம்புவான். ஆனாலும் முதுகை வளைத்துக்கொண்டு என் நெஞ்சிலேயே உதைத்தான். "அம்மா வேணாம்! நீ யாரு? உடு என்ன! அண்ணிகிட்ட போவணும்!" என்று கத்தினான். நான் சொல்லச் சொல்ல அவனுக்கு இன்னும் வெறி ஏறியது. நர்ஸ் கைகளைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஓடி வந்து ஊசி மருந்து ஏற்றிய பிறகு தூங்கிப்போனான். கட்டு பிரியவில்லை. எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

அதன் பிறகு அவனை மடியில் போட்டுக்கொண்டு வெளி அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது, தன் தாயாரைக் கண் காட்ட அழைத்து வந்திருந்த கூரம் கிராமத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் என்பவர், உள்ளே குரு கத்தியதைக் கேட்டிருந்ததால் கதவை மறித்து நின்று, "ஏம்மா, யாரு புள்ள இது? பெத்தவளப் பாத்து நீ யாருன்னு கேக்குமா?" என்றார். "யோவ், பத்து மாசம் சுமந்தவ நானு. வழிய உடு" என்றேன். அவர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. குருவின் ஆதாரைக் காட்டினேன். அதில் தகப்பன் பெயர்தான் இருந்தது. கணவரின் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அவரையும் பிடிக்க முடியவில்லை.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் ஒரு பெண் காவலருடன் வந்து விசாரித்துக்கொண்டிருக்கும்போது குரு விழித்தான். இந்த முறை நன்றாகத் தெளிந்திருந்தான். என் தாடையைத் தொட்டு, "அண்ணி, தண்ணி" என்றான்.

"கேட்டீங்களா மேடம்? புள்ள வாயாலயே வந்துடுச்சி" என்றார் கிறிஸ்டோபர்.

உதவி ஆய்வாளர் குருவிடம், "உங்க அம்மா எங்கடா கண்ணு?" என்று கேட்டார். "வூட்ல கீது" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. அதற்குள் பெண் காவலர் அவனை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். அப்போது நான் போட்ட கூச்சலுக்கு இப்போதும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அதன் பிறகு வீட்டுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். பெரிய கொழுந்தனார் எடுத்து, "சொல்லுங்க அண்ணி, குரு முழிச்சிக்கினானா?" என்றார். உதவி ஆய்வாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஏம்மா, உங்க வீட்ல எல்லாருமே உன்ன அண்ணின்னுதான் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. கொழுந்தனார்களும் நாத்தனாரும் தறியில் உட்கார்ந்தபடி "அண்ணி, நூல் தார் குடுங்க", "அண்ணி, டீ" என்று நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். அதையே என் பெயர் என்று குரு பிடித்துக்கொண்டான்; கேட்டுக் கேட்டுப் பழகியதில் எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர்கள் அம்மா என்று கூப்பிடுவது என் மாமியார் ரேணுகாம்பாளை; குருவுக்கும் அம்மா என்றால் அவரே. தினமும் அவனை அமுக்கிப் பிடித்துக் கண்ணில் எரிகிற சொட்டு மருந்து விடுவது அவர்தான். கண் வலியோடு விழிக்கிற பிள்ளையிடம் போய் "அம்மா இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

கூச்சல் கேட்டு வந்திருந்த டாக்டர் ஸௌம்யா, இதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "எல்லா அம்மாக்கும் இதே வார்த்தையத்தான் சொல்லிக் குடுக்கறேன். வீட்ல கொழந்த உங்கள என்னன்னு கூப்பிடும்னு கேக்கத் தோணவே இல்ல" என்றார். பெற்றவளைத் தெரியாமல் எப்படிப் போகும் என்று நானும் கேட்டேன். உடம்பு முதலில் எழுந்துவிடும் என்றும், மூளை மெதுவாகத்தான் எழும் என்றும், அந்த இடைவெளியில் நடந்தது எதுவும் அவன் நினைவில் நிற்காது என்றும், அடுத்த முறை தெளிவதற்கு முன்பே அமைதிக்கான மருந்து கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் குருவைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு, "நீ யாரு வயித்துலடா இருந்தே?" என்று கேட்டார். "அண்ணி வயித்துல" என்று சொல்லி என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினான். அவனை என்னிடமே கொடுத்துவிட்டார்.

கிறிஸ்டோபர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். என் பிள்ளை நிஜமாகவே காணாமல் போனால் இப்படி ஓர் ஆள்தான் கதவை மறிக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் என்னை அவன் எதிரில் அம்மா என்று கூப்பிட்டால் சீக்கிரம் மாறிவிடுவான் என்று பெண் காவலர் சொன்னார். எனக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை. தெருவில் எந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டாலும் நானும் திரும்பிப் பார்க்கிறவள்தான். ஆனால் இடது கண் ஆபரேஷன் அடுத்த மாதம். அது முடிகிற வரை என்னை அம்மா என்று கூப்பிட அவனுக்கு யாரும் சொல்லித் தரக் கூடாது என்று வீட்டுக்குப் போன் செய்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நான் பேசியதை எழுதி எனக்கே வாசித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
பொன்னி
குருவின் தாய்