அந்தக் கார்டை எடுக்கிற டொக்டர்

— நிப்பாட்டுங்க மச்சான், ஓட்டோவ நிப்பாட்டுங்க! ஆத்துல ஆரோ பூவக் கொட்டி விட்டிரிக்காங்க.

— பூவில்ல றஹீமா. களியோடைப் பாலத்து லைட்டெல்லாம் தண்ணியில உழுந்து கிடக்கு.

— ஒங்களுக்கு லைட்டு. எனக்கு ஒவ்வொண்டும் இதழ் இதழா விரியிது. எவ்வளவு வடிவு பாருங்களன்.

— வடிவுதான். கண்ணுல புரை முத்தினா அப்படித்தானாம். மறுகா அந்தப் பூவும் இல்லாமப் போகும் என்டு டொக்டர் சொன்னது காதுல உழல்லியா?

— உழுந்திச்சி. கொஞ்ச நேரம் இரிப்பம், பாருங்களன். கூடப் பொறந்த ராத்தாட மகள் ஸப்னாவத் துணைக்குக் கூட்டி வந்தா, அவள் என்ட மடியில தலய வெச்சித் தூங்கிட்டாள்.

— ஸப்னா தூங்கட்டும், பாவம் புள்ள. காலையில இரிந்து சுத்துறம். கல்முனை, சாய்ந்தமருது, மறுகா அக்கரைப்பத்து. "அரசாங்கக் காப்புறுதிக் கார்டா? நாங்க எடுக்கிறல்ல." போற இடமெல்லாம் ஒரே பாட்டு.

— கடைசியா ஒரு டொக்டர் எடுக்கிறன் என்டாரே. அல்ஹம்துலில்லாஹ்.

— ஓம். அவர் எடுப்பார்.

— பொறகு ஏன் முகத்தத் தொங்கப் போட்டிரிக்கீங்க?

— ஒனக்குத்தான் முகம் தெரியாதே.

— குரல் தெரியும்தானே. அக்கரைப்பத்துல இரிந்து வாயத் தொறக்காம வாறீங்க.

— பெரியாஸ்பத்திரியில ஒப்பரேஷனுக்குத் தந்த திகதிக்கே பொறுத்திரிக்கலாமோ என்டு யோசிக்கிறன்.

— அது அடுத்த வருசக் கடைசி மச்சான். அதுவரைக்கும் கண் தாங்காது என்டு சொன்னதே நீங்கதான். போன கிழமை ஒரு அபாயாக்குக் கைய இடம் வலம் மாத்தித் தெச்சிப் போட்டன். எடுக்க வந்த புள்ள சிரிச்சிது. நானும் சிரிச்சன். அவள் போனதும் கதவச் சாத்திட்டு மெஷின்ல தலய வெச்சி அழுதன்.

— என்னக்கிட்ட ஒரு சொல் சொல்லல்லியே.

— இப்ப சொல்றன்தானே. என்ட புருசன் மவுத்தாகி நான் தனிச்சதுக்குப் பொறகு ஊட்டுல என்னோட கதைக்கிறது அந்த மெஷின் மட்டுந்தான்… அங்க பாருங்களன்! வயலும் வானமும் ஒண்டாப் போச்சி. கதிருக்கு மேலால தொப்பி போட்ட ஆக்கள் நடந்து போறாங்க, மஃரிப் தொழுகைக்குப் போல.

— கொக்கு, றஹீமா.

— கொக்கா? போகட்டும். வெள்ளையா, அமைதியாப் போகுது. தொழப் போற மாதிரித்தான்.

— றஹீமா… அந்தக் கார்ட் என்ட பேர்ல.

— தெரியும்.

— நீர்ப்பாசனத்துல வேலை செஞ்சி பென்சன் எடுத்தவன் என்டு எனக்குத் தந்தது. மாமிட மகளுக்கெல்லாம் செல்லாது. நான் பைத்தியக்காரன், டொக்டர மட்டும் தேடினன், இத நினைக்கவே இல்ல. வெளிக்கிடக்குள்ள அந்த டொக்டர்ட கவுண்டர்ல இரிக்கிற புள்ளதான் சொன்னா.

— என்னவாம்?

— "யோசிக்காதீங்க, மனைவிக்கும் செல்லும்" என்டு. சிரிச்சிச் சிரிச்சி. நம்மளப் பிழையா விளங்கிட்டா போல.

— ம்ம்.

— கோவிக்காத. என்ட மனிசி போனதுக்குப் பொறகு எனக்கு அப்படி ஒரு நினப்பு… இல்ல, பொய் சொல்லப்படாது. இரிந்திச்சி. மறுகா மறுகா வந்திச்சி. ஆனா ஒன்ட கண்ணச் சாட்டா வெச்சி ஒன்னக் கேக்கிறதா? ஒரு கார்டக் காட்டிக் கேட்டான் என்டு ஊர் சொல்லும். நீயும் நினப்பாய்.

— மெதுவா. புள்ள அசையிறாள்.

— நீ ஒண்டும் சொல்ல வேணாம். நான் கொழும்புல ஆரையும் புடிச்சி வேற வழி பாக்கிறன்.

— கொழும்பு என்னத்துக்கு? அந்தப் புள்ள என்னக்கிட்டத்தான் முதல்ல கேட்டா. நீங்க ஓட்டோவத் திருப்பி எடுக்கப் போன நேரம். "இவர் ஒங்களுக்கு என்ன முறை?" என்டு.

— நீ… என்ன சொன்னாய்?

— புருசன் என்டு சொல்லிப் போட்டன். ஒப்பரேஷன் வாற மாசந்தானே, அதுக்குள்ள என்னப் பொய்க்காரி ஆக்கிப் போடாதீங்க மச்சான்.