கூரை திறந்த காருக்கு ஒரு சோதனை ஓட்டம்

கார் நல்ல கார், இன்ஸ்பெக்டர் ஐயா. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வாரப் பத்திரிகையில் கார் பக்கம் எழுதுகிறவன் நான். கார் கம்பெனிகளில் ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களுக்குச் சாவியையே கொடுத்து அனுப்புவார்கள். தமிழ்ப் பத்திரிகை என்றால் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டுவார்கள். ஓட்டாத கார்களைப் பற்றி எழுதியெழுதி எனக்கு வெறுத்துப்போயிருந்தது. இந்த எண்பத்தாறாம் வருஷத்தில் கார் விற்பனை படுத்துவிட்டதால், ஸ்போர்ட்ஸ் காரை நானே ஓட்டலாம் என்று ஒரு கம்பெனி சொன்னது.

சாவியோடு வந்தவர் தேவதாஸ், அந்தக் கம்பெனியின் விற்பனை ஆள். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். நல்ல மனிதர். வழியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கித் தந்தார். ஸ்டியரிங்கை மட்டும் தரவில்லை.

"புதுக் காடி சார். எங்க எஸ்டேட் முனியாண்டிகிட்ட காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு, அப்புறம் நீங்க ஓட்டுங்க லா."

ரவாங் தாண்டியதும் செம்பனைத் தோட்டங்கள். சாலை காலியாகக் கிடந்தது. அவர் லோரியை உருட்டுவதுபோல் உருட்டிக்கொண்டு போனார். அந்த எஞ்சினை அப்படிப் பாழாக்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயிலில் சூடம் காட்டி முடிக்கும்போது வானம் இருட்டிவிட்டது.

"மழை வருது சார். ரோடு வழுக்குச்சுன்னா மொதலாளி என்னத்தான் கேப்பாரு. நீங்க பழத்து மேல மட்டும் ஏத்துங்க, திரும்பறப்ப நானே ஓட்டுறேன்."

நான் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினேன். அவர் சக்கரங்களுக்கு முன்னால் பழங்களை வைத்தார். ஒரு பழம் காருக்கு அடியில் உருண்டுவிட்டது. கார் தரையோடு தாழ்ந்தது என்பதால், படுத்துக்கொண்டு கையை விட்டுத் துழாவினார்.

"இருங்க சார், நான் சொன்னப்பறம் எடுங்க."

கால் வழுக்கியதா என்று கேட்கிறீர்கள். வழுக்கவில்லை. முன்சக்கரத்துக்கு நேரே அவர் கிடப்பது தெரிந்துதான் கிளட்சை விட்டேன். இன்னொருவர் சொல்லுக்காகக் காத்திருக்க அதற்குமேல் என்னால் முடியவில்லை. கார் ஒரு முறை ஏறி இறங்கியது. நான் இறங்கிப் பார்க்கவில்லை. பிழைக்க மாட்டார் என்று தெரியும். கூரையை மூடாமல், மழையில் நனைந்துகொண்டே கோல சிலாங்கூர் வரை ஓட்டினேன். வளைவுகளில் அது சாலையைப் பிடித்துக்கொள்ளும் விதத்தைப் பக்கத்து சீட்டில் இருந்து எழுதவே முடியாது.

தேவதாஸ் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, ஐயா. கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். கடைசிப் பத்தியில் அவருடைய ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.