ஆறடி தூரத்தில் ஒரு முகம்

…ஆகையால், சபையோர்களே, தத்துவத்தைச் சற்றே ஓரமாக வைப்போம். உள்ளங்கையில் அடங்குகிற சிறு கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பெருமான் எதற்காக வீதிக்கு வருகிறார் என்ற கேள்விக்கு அதன்பிறகு திரும்புவோம்.

நம் சந்தைப்பேட்டையில், பழைய நெல் கிடங்கின் மாடியில், ஊரார் கூடி நடத்துகிற ஓவியக்கூடம் ஒன்று உண்டு. சிறிய கூடம். இருபத்திரண்டு படங்கள். அத்தனையும் சந்தையில் உழைத்தவர்களின் முகங்கள். ஓவியக் கல்லூரி மாணவன் ஒருவன் வரைந்து கொடுத்தவை. கூடத்துக்குப் பொறுப்பு சபேசன், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்… முப்பது வருஷம் நம் சுவாமி புறப்பாட்டுக்குத் தோள் கொடுத்தவர். பல்லக்குத் தண்டு அழுந்தி அழுந்தி வலத்தோளில் காய்ப்பு ஏறியவர். இதை நினைவில் வையுங்கள்.

கொள்ளைநோய் வந்தது. கூடம் அடைபட்டது. பத்து மாதம் கழித்து அஞ்சி அஞ்சித் திறந்தார்கள். வாசலில் சானிடைசர், நெற்றிக்கு நேரே ஜுரம் பார்க்கிற கருவி, ஒரு நேரத்துக்கு மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம். சபேசன் அந்த நோய்க்குத் தம் தம்பியைப் பறிகொடுத்தவர். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஆறடி தள்ளி, தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டார். கவனித்தீர்களா? மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே சொன்ன ஆறடி… அதைப் படத்துக்கும் மனிதருக்கும் நடுவே போட்டுவிட்டார்! கண்ணாடியில் எவர் மூச்சும் படக்கூடாது, எவர் விரலும் படக்கூடாது. அவ்வளவு பயம்.

முதல் நாள் வந்தவர் ஒரே ஒருவர். கோமளம் என்கிற அம்மாள். அவர் கணவர் துரைக்கண்ணு, சந்தையில் கத்திக்குச் சாணை பிடித்தவர், அந்தப் படங்களில் ஒருவர், அந்த நோயில்தான் போனார். பொதிந்து கட்டிய உடலைத்தான் காட்டினார்கள், முகத்தைக் காட்டவில்லை. அந்த அம்மாளுக்கோ சர்க்கரையில் ஒரு கண் முன்பே போயிற்று. மற்றக் கண்ணிலும் ரத்தம் கசிந்து, பார்வை நாளுக்கு நாள் சுருங்குகிறது.

வட்டத்தில் நின்றார்.

"மாஸ்டர், அவரு எங்கே? பனிமூட்டத்துல நிக்கிற மாதிரியில்ல இருக்கு."

"நேரே பாரும்மா, மூணாவது படம்."

"கிட்டப் போய்ப் பார்த்துக்கிறேனே."

"வட்டத்தைத் தாண்டக் கூடாதும்மா."

"ஏன், படத்துக்கும் தும்மல் வருமா?"

"விளையாடாதே. ஒரு புகார் போச்சுன்னா மறுபடி பூட்டிடுவாங்க."

"இடது கன்னத்துல தீப்பொறி பட்ட வடு ஒண்ணு உண்டு அவருக்கு. அந்தப் பிள்ளை போட்டிருக்கானான்னு பார்க்கணும். ஆதார் அட்டையைப் பார்த்தா அவரா, அவரைப் புடிச்ச பேயான்னு எனக்கே தெரியலே. முகம் மறந்துடும்போல இருக்கு மாஸ்டர். கண்ணு இருக்கறப்பவே ஒரு தடவை…"

"அடுத்த வாரம் வா, தளர்த்துவாங்க. பத்து நிமிஷம் ஆயிடுச்சும்மா, அடுத்தவங்க நிக்கிறாங்க."

வெளியே யார் நின்றார்கள்?… ஒருவரும் இல்லை.

அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அதே வட்டம், அதே வார்த்தை. நான்காம் வாரம் இரண்டாம் அலை வந்தது. கூடத்துக்கு மறுபடி பூட்டு.

படங்களைத் துணியில் சுற்றி வைப்பதற்காகச் சபேசன் ஒவ்வொன்றாகக் கழற்றினார். துரைக்கண்ணு கைக்கு வந்தார். என்ன கனம்? ஒரு முறத்தின் கனம்! ஒற்றைக் கையில் இறங்கி வந்துவிட்டது. சபேசன் அப்படியே நின்றுவிட்டார். இது இறங்கி வரக்கூடியது என்று மூன்று வாரமாக அவருக்குத் தோன்றவே இல்லை. பார்க்கிறவர்தான் வர வேண்டும், படம் சுவரில்தான் இருக்க வேண்டும் என்று பழகிய மனம்.

ஊரடங்கில் கடை திறக்க விட்ட காலை நேரத்தில், படத்தைச் சுமந்துகொண்டு அந்த அம்மாள் வீட்டுக்கு ஓடினார். எதிரே நிமிர்த்திப் பிடித்தார்.

"அவரையே கொண்டு வந்துட்டேம்மா. வட்டமெல்லாம் இல்லே. கிட்டத்துலேயே பாரு."

"எந்தப் பக்கம் மாஸ்டர்?"

சபேசன் படத்தை இன்னும் கிட்டே நீட்டினார். அம்மாளே சொன்னார்:

"போன வெள்ளிக்கிழமையோட அந்தக் கண்ணும் போச்சு. பரவாயில்லே, சொல்லுங்க. வடு இருக்கா?"

"இருக்கும்மா. நல்லாத் தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது… என் விரலைக் கொண்டுபோய் அதுமேல வைங்க."

வைத்தார். எவர் விரலும் படக்கூடாது என்று காத்தாரே, அந்தக் கண்ணாடியின் மேல் தம் கையாலேயே அவர் விரலை எடுத்து வைத்தார். அம்மாள் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கண்ணாடிதான் மாஸ்டர் தட்டுப்படுது."

சபையோர்களே, சபேசன் அஞ்சியதை நான் குற்றம் சொல்லேன். அந்த நாளில் அஞ்சாதவன் அயலானுக்கு எமனானான். ஆனால் எண்ணிப் பாருங்கள். கருவறை மூர்த்தி அசைவதில்லை. அப்படியானால் படியேற மாட்டாத முடவர்க்கு, பாயோடு கிடக்கும் நோயாளிக்கு யார் கதி? அவர்களுக்காக அல்லவா பெருமான் உற்சவராகித் தெருவுக்கு வருகிறார்! முப்பது வருஷம் அந்தக் கருணையைச் சுமந்தவருக்கு, ஒரு முறத்தின் கனத்தைத் தூக்கிப் போகத் தோன்றவில்லையே. தோள் அறிந்தது நெஞ்சுக்கு எட்டவில்லையே!

இந்த ஆண்டு அவரை அழைத்தேன். "வேண்டாம் ஐயா. இந்தத் தோளை இனிமே தண்டுக்குக் கொடுக்கமாட்டேன்" என்றார். வற்புறுத்த எனக்கு வாய் எழவில்லை. எப்படி எழும்? மூன்று வாரமும் அந்த அம்மாள் நம் கோயில் வாசலைக் கடந்துதான் போனார், வந்தார். எங்கே போகிறாய் தாயே என்று நம்மில் எவர் கேட்டோம்?

நாளைக் காலை புறப்பாடு. தண்டில் ஓரிடம் காலியாக இருக்கும். பல்லக்கு அந்த அம்மாளின் வாசலில் நிற்கும். பெருமானே நேரில் வந்து நிற்பார். அந்த அம்மாள் கைகூப்பிக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்பார்.

அருகே நிற்கிறவர் யாராயினும், மெல்லத் தோளைத் தொட்டுத் திருப்பிவிடுங்கள். நம்மால் இனி ஆகக்கூடியது அவ்வளவுதான்.