சோழர் எரித்த ஊர்

வளைகுடா நாட்டில், ஈசா டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு வரலாற்று டீச்சர்கள் மடியில் ஒரு நோட்டை விரித்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் நாகர்கோவில் என்று பேச்சே சொன்னது.

"நீங்கள் அனுராதபுரத்தை எரிச்சதையும் எழுதோணும், மிஸ்," என்றார் யாழ்ப்பாணத்து டீச்சர்.

"நானா எரிச்சேன்? சோழராக்கும்!"

"உங்கட புத்தகத்தில 'நம்ம சோழர்' எண்டெல்லோ கிடக்கு?"

"பிரான்ஸ் டீச்சரும் ஜெர்மனி டீச்சரும் சேர்ந்து ரெண்டு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடம் எழுதினாங்கன்னு சொன்னதே நீங்கதான். நாமளும் எழுதுவோம். 'சோழர் இலங்கைக்குச் சென்றனர்.' போதுமா?"

"சுற்றுலாவுக்கோ?"

நாகர்கோவில் டீச்சர் சிரித்துவிட்டு, 'சென்றனர்' என்பதை அடித்து 'படையெடுத்து எரித்தனர்' என்று எழுதினார்.

யாழ்ப்பாணத்து டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. "எரிஞ்சது எங்கட நாட்டு ஊர். ஆனா எரிச்ச ஆக்களும் தமிழர், நானும் தமிழ். நான் எந்தப் பக்கம் எண்டு பிள்ளையள் கேட்டால்?"

"அதை அஞ்சு மார்க் கேள்வியாப் போட்டிருவோம். பதில அவங்களே எழுதட்டும்."