நீலப் புகை படிந்த வெள்ளைக் கார்

சனிக்கிழமை மாலை எங்கள் சர்ச் வாலிபர் கூட்டத்தில் போதகர் செல்வின் பேசியதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். பேச்சின் நடுவே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளைகளா, கொஞ்சம் கதை கேப்போமா?" என்றார்.

"தூத்துக்குடியில ராஜாமணின்னு ஒருத்தர். அவரோட பழைய ஸ்கூட்டருக்கு வீட்டு வாசல்லயே நீல பெயின்ட் அடிக்க ஆசை. ஸ்ப்ரே டப்பா வாங்கினார். சீட்டை மூடினார். லைட்டை மூடினார். மனைவி எஸ்தரோட ரோஜாத் தொட்டியைக்கூட பேப்பர் சுத்தி மூடினார்! அப்புறம் அடிச்சார்... ஸ்ஸ்ஸ்... சாயங்கால வெயில்ல நீலப் புகை மிதக்குது... கடல் மூச்சு விடுற மாதிரி... ரெண்டு பேரும் சொக்கிப்போய் நிக்கிறாங்க. புகை எங்க போகுதுன்னு யாராவது பார்த்தாங்களா?

பக்கத்து வீட்டு முத்தையா அண்ணாச்சியோட கார் அங்க நிக்குது. புத்தம் புதுசு. வெள்ளை. மறுநாள் காலையில பூஜைக்குத் திருச்செந்தூர் போகணும்!

புகை அடங்கினதும் எஸ்தருக்குச் சந்தேகம் வந்துச்சு. கையை மெல்லிசான பாலித்தீன் பைக்குள்ள விட்டு அந்தக் காரைத் தடவினாங்க. பை எதுக்கு? பை போட்டுத் தடவினா, கண்ணுக்குத் தெரியாத பொடியும் கைக்குத் தெரியும்.

'ஏங்க... உப்புத்தாள் மாதிரி சொரசொரங்குது.'

'பார்த்தா தெரியலைல்லா? விடு. இல்லைன்னா தின்னர் வச்சு ஒரு இழுப்பு இழுத்துருதேன்.'

'தின்னர் பட்டா அவரு கார் பெயின்ட்டும் சேர்ந்து வந்துரும். போய்ச் சொல்லுங்க.'

'சொன்னா அண்ணாச்சி இனி நம்ம வாசலை மிதிப்பாரா?'

'சொல்லாட்டி நீங்க அவரு வாசலை மிதிப்பீங்களா?'

போனார். சொன்னார். அண்ணாச்சி கத்தினார் பாருங்க... 'ஏலேய்! ரோஜாச் செடிக்குப் பேப்பர் சுத்தத் தெரியுது, இவ்ளோ பெரிய கார் கண்ணுல படலையால?'

ராஜாமணி உடனே கிளம்பினார். கார் கழுவுற கடையில விக்கிற, ஒட்டின பொடியை இழுத்து எடுக்கிற களிமண் கட்டியை வாங்கிட்டு வந்தார். சோப்புத் தண்ணி தெளிச்சார். அழுத்தாம... மெல்ல மெல்லத் தேய்ச்சார். கட்டி நீலமாச்சு. முறைச்சுக்கிட்டே நின்ன அண்ணாச்சி, எஸ்தர்கிட்ட இருந்து பையை வாங்கித் தானும் தடவிப் பார்த்தார்.

'கதவு ஓரத்துல இன்னும் இருக்கு. தள்ளு, நான் தேய்க்கேன்.'

கடைசியில அண்ணாச்சி ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். 'இதுவும் புழுதி அடிச்ச மாதிரில்லா இருக்கு! நல்லா காயட்டும். தண்ணி தொட்டு நைஸ் உப்புத்தாள் போட்டு இழைச்சா வழுவழுன்னு ஆயிரும். நான் திருச்செந்தூர் போயிட்டு வந்து கை கொடுக்கேன்.'

பிள்ளைகளா... கோபத்துல ஒருத்தர் மேல வார்த்தையை அடிக்கிறோம். பக்கத்துல நின்னவங்க மேல என்ன படிஞ்சுதுன்னு பார்க்கிறோமா? அம்மாகிட்ட கத்தினீங்க. கேட்டுக்கிட்டு இருந்த தங்கச்சி மேல? பார்த்தா ஒண்ணும் தெரியாது. கிட்டப் போகணும். முதல்ல, 'நான்தான்'னு சொல்லணும். அப்புறம் அழுத்தாம... மெல்ல..."

அவர் கை காற்றில் மெதுவாகப் போய் வந்தது. முன் பெஞ்சில் ஓர் அக்கா தன் தங்கையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்தும் அந்த இருவரும் எழவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நாங்கள் விளக்குகளை அணைத்தோம்.